பிளேரின் விலகலை லிங்கன் ஏற்ற விதம்: பெருந்தன்மையா, கைகழுவலா?

சிப்புட்_வாசகன்

அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை சுங்கை சிப்புட் வாசிப்புக் கூட்டத்தில் பேச எடுத்திருக்கும் பொருள் இது: போர் நடந்துகொண்டிருக்கும்போது நம்பிக்கைக்குரிய அதிகாரி ஒருவர் விலகுகிறார். தலைவர் அந்த விலகலை எப்படி ஏற்க வேண்டும்?

எடுத்துக்காட்டாக அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்திருக்கிறேன். 1864 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. தலைமைத் தபால் அமைச்சர் மான்ட்கோமரி பிளேருக்கு ஆபிரகாம் லிங்கன் ஒரு சிறு கடிதம் அனுப்பினார். அதன் சாரத்தை நம் மொழியில் தருகிறேன்:

'உங்கள் விலகல் எனக்கு ஆறுதலாக இருக்குமென்றால் எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களே பெருந்தன்மையோடு ஒரு முறைக்கு மேல் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரம் வந்துவிட்டது. உங்கள் மீதோ உங்கள் பணி மீதோ எனக்கு மனக்குறை ஏதும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் காட்டிய மாறாத அன்பை வேறெந்த நண்பரும் மிஞ்சியதில்லை. போர் மற்றச் சில துறைகளுக்குத் தந்த அளவு கஷ்டத்தை உங்கள் துறைக்குத் தரவில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்த மூன்றரை ஆண்டில் தபால் துறையை நீங்கள் நடத்தியது பற்றி ஒரு புகார்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை.'

அன்றே பிளேர் முறைப்படி விலகல் கடிதம் கொடுத்தார். லிங்கன் தம்மிடம் எப்போதும் அன்பாக நடந்ததற்கு அதில் நன்றியும் சொன்னார்.

நம் பக்கத்துத் தோட்ட ஆலயங்களிலும் கூட்டுறவுக் கடைகளிலும் பொறுப்பாளர் விலகினால் போகிற பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'தங்கள் விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.' அந்த ஒரு வரிக்கும் லிங்கன் கடிதத்துக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பனைக்காடு

கடிதம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதை 'விலகலை ஏற்றது' என்று சொல்வதே தவறு. இது நீக்கம்.

தேதிகளை வரிசையாக வையுங்கள். 1864 மே 31 அன்று கிளீவ்லாந்தில் கூடிய தீவிரப் போக்குடைய குடியரசுக் கட்சியினர் ஜெனரல் ஃபிரெமான்ட்டை அதிபர் தேர்தலுக்குத் தனி வேட்பாளராக நிறுத்தினார்கள். லிங்கனின் வாக்கு பிரியும் நிலை. ஃபிரெமான்ட்டுக்கும் பிளேர் குடும்பத்துக்கும் 1861 மிசூரியிலிருந்தே பகை. மிச்சிகன் செனட்டர் சாண்ட்லர் நடுவில் நின்று சமரசம் பேசினார். செப்டம்பர் 22 அன்று ஃபிரெமான்ட் போட்டியிலிருந்து விலகிய கடிதம் வெளியானது. மறுநாள் பிளேருக்கு இந்தக் கடிதம். இரண்டுக்கும் நடுவில் ஒரே இரவு. தேர்தலுக்கு இன்னும் 46 நாள்.

பிளேர் அன்று காலை அமைச்சரவைக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, என் தலை வெட்டப்பட்டது உங்களுக்குத் தெரியுமா என்ற பொருளில் கடற்படை அமைச்சர் வெல்ஸிடமும் சட்ட அமைச்சர் பேட்ஸிடமும் சொன்னார். வெல்ஸின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. தானாக விலகியவர் இப்படியா பேசுவார்?

வரலாற்று_டீச்சர்

செம்பனைக்காடு ஐயா சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஆனால் ஜூலையிலிருந்து பார்க்க வேண்டும், செப்டம்பரிலிருந்து அல்ல.

1864 ஜூலையில் தென்தரப்பு (லிங்கன் அரசை எதிர்த்துப் பிரிந்துபோன தென் மாநிலங்கள்) ஜெனரல் ஜுபல் எர்லி வாஷிங்டன் வாசல் வரை வந்துவிட்டார். ஜூலை 11, 12 தேதிகளில் ஸ்டீவன்ஸ் கோட்டையில் சண்டை. எர்லியின் படை திரும்பிப் போகும்போது மேரிலாந்து சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த பிளேரின் ஃபாக்லாண்ட் வீடு எரிந்தது. வீடு பறிபோன வேதனையில் பிளேர், தலைநகரைக் காக்க வைத்த அதிகாரிகளைக் கோழைகள் என்று ஏசினார். ராணுவத்தின் தலைமை அலுவலர் (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) ஹாலெக் உடனே போர் அமைச்சர் ஸ்டான்டனுக்கு எழுதினார். குற்றச்சாட்டு உண்மையென்றால் அந்த அதிகாரிகளின் பெயரை ராணுவப் பட்டியலிலிருந்து அடியுங்கள், பொய்யென்றால் அவதூறு சொன்னவர் பெயரை அமைச்சரவையிலிருந்து அடியுங்கள் என்று கேட்டார்.

லிங்கன் ஜூலை 14 அன்று கொடுத்த பதில்: அவ்வளவு பெரிய இழப்பின் ஆத்திரத்தில் அவசரமாகச் சொன்ன வார்த்தை, இவ்வளவு பாரதூரமான நடவடிக்கைக்குப் போதுமான காரணம் ஆகாது. யாரை எவ்வளவு நாள் வைத்திருப்பது, எப்போது அனுப்புவது என்பதை நானே தீர்மானிப்பேன். இதையொட்டி அமைச்சரவைக்கும் ஒரு குறிப்பு எழுதினார். ஒருவர் மற்றவரை வெளியேற்ற முயல்வதையோ பொதுவெளியில் அவர் பெயரைக் கெடுப்பதையோ கண்டால் எனக்கு வேதனையாக இருக்கும் என்பது அதன் சாரம்.

இதைக் கவனியுங்கள். ஜூலையில் பிளேரை அனுப்பியிருந்தால் அது தண்டனையாகவே பதிவாகியிருக்கும். ஆத்திரத்தில் வாய்விட்டவர் என்ற பழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஹாலெக்கும் ஸ்டான்டனும் நெருக்கியபோது லிங்கன் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பழி எதுவும் ஒட்டாத ஒரு நாளில், தம் தேவையைத் தம் தேவை என்றே சொல்லிக் கேட்டார். பிளேர் முன்பே கொடுத்து வைத்திருந்த வாக்கைத்தான் எடுத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர் தானே முன்வந்து கொடுத்திருந்தால், அதை எடுக்கும் நேரத்தைத் தலைவர் தேர்ந்தெடுப்பதை நான் நீக்கம் என்று சொல்ல மாட்டேன்.

தபால்பை

தபால் துறை பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன். 'ஒரு புகார்கூட நினைவில்லை' என்பது ஒப்புக்குச் சொன்ன பாராட்டு அல்ல. பிளேரின் மூன்றரை ஆண்டில் நடந்ததைப் பாருங்கள்.

1861: தென் மாநிலங்களில் தங்கிப்போன தபால் தலைகளை எதிரி காசாக்கிவிடக் கூடாது என்று பழைய தலைகளைச் செல்லாதவையாக்கிப் புதிய வரிசை வெளியிட்டார்கள். அதே ஆண்டு, போர்முனைச் சிப்பாய்கள் தலை ஒட்டாமலே கடிதம் போடலாம், பெறுபவர் கட்டணம் கட்டினால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. மழையிலும் வியர்வையிலும் தபால் தலைகள் சட்டைப்பையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் அங்கே இருந்த நடைமுறைச் சிக்கல்.

1863: தூரத்தைப் பொருட்படுத்தாமல் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு நாடு முழுக்க 3 செண்டு. அதற்கு முன் 3,000 மைலுக்கு மேல் போனால் 10 செண்டு. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 49 நகரங்களில் வீட்டுவாசலில் இலவச விநியோகம். அதுவரை நகரத்தில் இருப்பவரும் தபால் கந்தோருக்குப் போய்த்தான் கடிதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கொண்டுவருபவருக்குத் தனிக்காசு தர வேண்டும். பாரிஸில் 15 நாடுகள் கூடிய தபால் மாநாடும் அந்த ஆண்டில்தான், பிளேரின் அழைப்பின் பேரில். 1874இல் பெர்ன் நகரில் உருவான உலகத் தபால் ஒன்றியத்துக்கு அது முதற்படி.

அடுத்தது மணியார்டர். நம் தோட்டங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போன பணத்தில் பெரும்பகுதி எந்தத் தாளில் போனது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்த முறைக்குப் பிளேர் வாதாடினார். 1864 மே மாதம் சட்டம் ஆனது, நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆணைக்கு 30 டாலர் உச்சவரம்பு. சிப்பாய்கள் சம்பளத்தை உறையில் வைத்து அனுப்ப, அது வழியில் களவு போய்க்கொண்டிருந்ததுதான் முக்கியக் காரணம். உறையைத் திருடுபவனுக்குப் பணம் கிடைக்காது, பெயர் எழுதிய தாள்தான் கிடைக்கும்.

ஆகவே லிங்கனின் அந்த வரியை யாரும் சரிபார்க்கலாம். பாராட்டுக் கடிதத்தில் இது பெரிய விஷயம்.

பிரட்டுக்களம்

தபால்பை அண்ணன் சொன்னதோடு அந்த வரிக்கு முந்தைய பாதியையும் பாருங்கள். 'மற்றச் சில துறைகளுக்கு வந்த கஷ்டம் உங்கள் துறைக்கு அவ்வளவு வரவில்லை.' விலகுபவருக்கு எழுதும் கடிதத்தில் இதை ஏன் வைக்க வேண்டும்? எடுத்துவிட்டால் கடிதம் இன்னும் இனிப்பாகத்தானே இருக்கும்?

வரலாற்று_டீச்சர்

எடுத்துவிட்டால் அடுத்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள். போர்த்துறையும் நிதித்துறையும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தபால் துறையை அவற்றுக்குச் சமமாக வைத்துப் புகழ்ந்திருந்தால் ஸ்டான்டனும் சிரிப்பார், பிளேரும் கூசிப்போவார். அளவை முதலில் சரியாகச் சொல்லிவிட்டு அந்த அளவுக்குள் குறையே இல்லை என்கிறார். பிளேரின் எதிரிகளால்கூட அந்த வாக்கியத்தை மறுக்க முடியவில்லை.

விடைபெறுபவரை மலையளவு புகழும் வழக்கம் நம்மிடம் உண்டு. மாலை, பொன்னாடை, 'ஈடு இணையற்ற' என்ற அடைமொழி எல்லாம் வரும். மறுவாரம் அவர் பெயரே எங்கும் வராது. அளந்து சொன்ன ஒரு வரிதான் தங்கும்.

கிராணி_ஏடு

இதே போரில் எதிர்த்தரப்பில் நடந்ததை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலங்கும்.

1862 நவம்பர். தென்தரப்பின் போர் அமைச்சர் ஜார்ஜ் ராண்டால்ஃப், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த ஜெனரல் ஹோம்ஸுக்குத் தேவைப்பட்டால் ஆற்றைக் கடந்து வரலாம் என்று அனுமதி கொடுத்தார். அதிபர் ஜெபர்சன் டேவிஸிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. டேவிஸ் அந்த உத்தரவை ரத்து செய்தார். ராண்டால்ஃப் நவம்பர் 15 அன்று விளக்கம் எதுவும் எழுதாமல் விலகினார். முன்னறிவிப்பு இல்லாமல், விசாரிக்கவே இடம் தராத விதத்தில் நீங்கள் போய்விட்டதால், ஏற்றுக்கொண்டதாக முறைப்படி அறிவிப்பதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்று டேவிஸ் பதில் அனுப்பினார்.

நன்றி என்ற சொல் இல்லை. கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை ஏழு மாதம் நடத்திக் காட்டிய மனிதருக்கு வந்த கடிதம் இது. ஜெனரல் கஸ்டாவஸ் ஸ்மித் சில நாள் இடைக்காலமாக அமர்ந்தார், நவம்பர் 21 அன்று செடன் நியமிக்கப்பட்டார். இடைக்காலத்தவரையும் சேர்த்து அந்தப் பதவியில் நான்கே ஆண்டில் ஆறு பேர். ஒவ்வொருவர் மாறும்போதும் தளவாடக் கணக்கு, தளபதிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பாதியில் நிற்கும் உத்தரவுகள் எல்லாவற்றையும் புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். போர் அதுவரை காத்திருக்காது.

டேவிஸுக்கு நல்ல கடிதம் எழுதத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டிஸ்பர்க் தோல்விக்குப் பின் 1863 ஆகஸ்ட் 8 அன்று தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ தம்மை மாற்றிவிடும்படி எழுதினார். டேவிஸ் மூன்றே நாளில், உங்களைவிடத் தகுதியானவரை எங்கே போய்த் தேடுவேன் என்ற பொருளில் மனம் நிறைந்து மறுத்து எழுதினார். மறுக்கும்போது வந்த கனிவு ஏற்கும்போது வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்வது பலருக்கு எளிது. போய் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்வது கடினம்.

செம்பனைக்காடு

டீச்சர் சொன்ன ஜூலைக் கணக்கை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் என் அடுத்த கேள்விக்குப் பதில் வேண்டும்.

பிளேருக்கு என்ன கிடைத்தது? போர் அமைச்சர் கேமரனை 1862இல் அனுப்பியபோது ரஷ்யத் தூதர் பதவி கொடுத்தார். நிதியமைச்சர் சேஸ் 1864 ஜூனில் போனார். டிசம்பர் 6 அன்று அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார். அந்தப் பதவிக்குப் பிளேரின் பெயரும் அடிபட்டது. டிரெட் ஸ்காட் வழக்கில் அடிமைத்தனத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் அவர். தொல்லை கொடுத்த சேஸுக்கு நாற்காலி, அமைதியாகப் போன பிளேருக்கு ஒரு தாள். இது எப்படிப் பெருந்தன்மை?

பிரட்டுக்களம்

நல்ல கேள்வி. இதற்குக் கேமரன் விவகாரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1862 ஜனவரி 11, சனிக்கிழமை. லிங்கன் கேமரனுக்கு எழுதிய முதல் கடிதம் இரண்டு மூன்று வரிதான். நீங்கள் ஒரு முறைக்கு மேல் இடமாற்றம் கேட்டிருக்கிறீர்கள், பொதுநலனுக்குக் குந்தகமில்லாமல் இப்போது அதை நிறைவேற்ற முடியும், வருகிற திங்கட்கிழமை ரஷ்யத் தூதராக உங்கள் பெயரைச் செனட்டுக்கு அனுப்பப் போகிறேன். அவ்வளவுதான். பதவி தூதர் பதவி, சம்பளம் உண்டு, கௌரவமும் உண்டு. ஆனாலும் கேமரன் அதைப் படித்து நொறுங்கிப்போனார். நண்பர்கள் தலையிட்டார்கள். லிங்கன் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, அதே ஜனவரி 11 தேதியிட்டு வேறொன்று கொடுத்தார். கேமரனே விலக விரும்பியதாக அதில் இருந்தது. அவர் மீது லிங்கனுக்குள்ள அன்பும் நம்பிக்கையும் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. முதல் கடிதம் கோப்பிலிருந்து விலக்கப்பட்டது.

இரண்டு கடிதத்திலும் பதவி ஒன்றுதான். மாறியது காரணம் சொன்ன விதமும் நன்றியும் மட்டுமே. முதல் கடிதத்தில் பதவி முன்னால் நின்றதால் அது விலைபோல் ஆகிவிட்டது. பிளேரின் கடிதத்தில் 'இதற்குப் பதிலாக இன்னது தருகிறேன்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், 'ஒரு புகார்கூட இல்லை' என்பதும் பேரத்தின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்திருக்கும்.

கேமரன் போன பிறகு நடந்ததும் முக்கியம். போர்த்துறை ஒப்பந்த ஊழலுக்காக 1862 ஏப்ரல் 30 அன்று பிரதிநிதிகள் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. போனவர் போய்விட்டார், பழியும் அவரோடு போகட்டும் என்று லிங்கன் வாய்மூடி இருந்திருக்கலாம். மே மாதக் கடைசியில் சபைக்குச் செய்தி அனுப்பினார். 1861இன் அந்த நெருக்கடி நாட்களில் நடந்த செலவுகளில் தவறோ பழியோ இருந்தால் எனக்கும் மற்ற எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் அதில் சம பங்காவது உண்டு என்றார். விலகலை ஏற்ற நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகியவருக்காகத் தோள் கொடுத்தார். கேமரன் அதை மறக்கவில்லை. 1864 தேர்தலில் பென்சில்வேனியாவில் லிங்கனுக்காக உழைத்தார்.

கிராணி_ஏடு

சேஸ் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அவருடைய விலகல் கடிதங்கள் மிரட்டல் கருவிகள். 1862 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் சூவர்டை நீக்கச் சொல்லிச் செனட்டர்கள் நெருக்கினார்கள். அதற்குப் பின்னால் சேஸின் கை இருந்தது. சூவர்டு விலகல் கடிதம் கொடுத்திருந்தார். செனட்டர்களையும் அமைச்சர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து லிங்கன் பேச வைத்ததும் சேஸுக்குத் தர்மசங்கடம் ஆகி, டிசம்பர் 20 அன்று தம் விலகலையும் கொண்டுவந்தார். கையில் இரண்டு கடிதம் வந்ததும் லிங்கன் இரண்டையும் மறுத்துவிட்டார். கோணிப்பையின் இரு முனையிலும் ஒவ்வொரு பூசணி இருக்கிறது, இனி குதிரை ஏறலாம் என்று அவர் சொன்னது பிரபலம்.

1864 ஜூனில் தகராறு நியூயார்க் துணைக் கருவூல அதிகாரி நியமனம் பற்றியது. சேஸ் ஃபீல்டு என்பவரை வற்புறுத்தினார், நியூயார்க் செனட்டர் மார்கன் எதிர்த்தார். ஜூன் 29 அன்று சேஸ் விலகல் அனுப்பினார், வழக்கம்போல் லிங்கன் கெஞ்சுவார் என்ற எதிர்பார்ப்பு. ஜூன் 30 அன்று ஏற்பு வந்துவிட்டது. உங்கள் திறமையையும் நேர்மையையும் பற்றி நான் முன்பு சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை, ஆனாலும் நம் இருவருக்கும் அலுவல் உறவில் வந்த சங்கடம் பொதுப்பணிக்கு இடைஞ்சலின்றி இனியும் தாங்கக்கூடியதல்ல என்பது அதன் சாரம். அதில் பொய்ப்புகழ்ச்சி இல்லை, பழிச்சொல்லும் இல்லை. 'திரும்பப் பெறவில்லை' என்று சொன்னதால்தான் ஐந்து மாதம் கழித்து அவரையே தலைமை நீதிபதியாக்க வாசல் திறந்திருந்தது. ஏற்புக் கடிதத்தில் கோபத்தைக் கொட்டியிருந்தால் அந்த நியமனத்தின்போது எதிரிகள் அதையே எடுத்துக் காட்டியிருப்பார்கள்.

தபால்பை

ஆனால் சேஸ் ஏற்பில் ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது: நாற்காலி காலியாக இருந்தது.

காங்கிரஸ் கூட்டத்தொடர் ஜூலை 4 அன்று முடியப் போகிறது. அரசின் கையில் பணமில்லை, கடன் பத்திரம் விற்கவில்லை. தங்க வணிகத்தைக் கட்டுப்படுத்த ஜூன் 17 அன்று வந்த சட்டம் விலையை ஏற்றிவிட்டதால் ஜூலை 2 அன்று அதை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. இந்த நிலையில் லிங்கன் முதலில் ஒஹாயோவின் முன்னாள் ஆளுநர் டாட் பெயரைச் செனட்டுக்கு அனுப்பினார். அவரிடம் முன்கூட்டிக் கேட்கவே இல்லை. செனட் நிதிக்குழு திகைத்தது. டாட் உடல்நிலையைக் காரணம் காட்டித் தந்தியில் மறுத்தார். ஜூலை 1 காலை அந்த நிதிக்குழுவின் தலைவர் ஃபெசெண்டன் பெயரையே அனுப்பினார். செனட் உடனே ஒப்புக்கொண்டது. ஃபெசெண்டனோ தமக்கு வேண்டாம் என்று மறுப்புக் கடிதம் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார், லிங்கன் விடவில்லை. அவர் ஜூலை 5 அன்று பதவியேற்கும்வரை ஹாரிங்டன் என்ற துணை அமைச்சர் இடைக்காலமாகக் கையெழுத்திட்டார். ஜூலை 11 அன்று 100 டாலர் தங்கத்துக்கு 285 டாலர் காகிதப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. அதில் எர்லியின் படை தலைநகரை நெருங்கியதற்கும் பங்குண்டு, எல்லாவற்றையும் இந்தக் காலியிடத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் நான்கு நாள் தடுமாற்றம் நல்லதாக இல்லை.

பிளேர் விஷயத்தில் லிங்கன் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார். செப்டம்பர் 24 அன்றே வில்லியம் டென்னிசனுக்குத் தந்தி போனது: பிளேர் விலகிவிட்டார், உங்களை நியமிக்கிறேன், உடனே புறப்பட்டு வாருங்கள். டென்னிசன் ஒஹாயோவின் முன்னாள் ஆளுநர். ஜூனில் பால்டிமோரில் லிங்கனை வேட்பாளராக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், ஆகவே எந்தப் பிரிவும் குறைசொல்ல முடியாது. செனட் அப்போது கூடியிருக்கவில்லை, அதனால் இடைவேளை நியமனம். அக்டோபர் முதல் அவர் பொறுப்பில். கீழே முதல் துணை அதிகாரியாக ராண்டால் 1863 முதலே இருந்தார், அன்றாட வேலை அவர் கையில் நடந்தது. நவம்பர் 1 அன்று மணியார்டர் குறித்த தேதியில் தொடங்கியது. பிளேர் போட்ட விதை, டென்னிசன் நாளில் முளைத்தது.

வரலாற்று_டீச்சர்

காலி நாற்காலி என்றதும் நம் ஊரையே சொல்ல வேண்டும்.

1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அறிவிக்கப்பட்டு, இரண்டு நாளில் மலாயா முழுவதற்கும் விரிந்தது. உயர் ஆணையர் சர் எட்வர்டு ஜென்ட் அந்த மாதக் கடைசியிலேயே லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். ஜூலை 4 அன்று லண்டன் அருகே வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்தில் இறந்தார். புதிய ஆணையர் சர் ஹென்றி கர்னி வந்து சேர்ந்தது அக்டோபரில். நடுவில் மூன்று மாதம் நியூபோல்ட் தற்காலிகமாகப் பொறுப்பில் இருந்தார். போர் தொடங்கிய முதல் மூன்று மாதம், தலைமை நாற்காலியில் நிலையான ஆள் இல்லை. ஜென்ட் விலகவில்லை, அழைக்கப்பட்டார், அது வேறு விஷயம்தான். ஆனால் அடுத்தவர் பெயரை முடிவு செய்யாமல் முன்னவரை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் வாசலிலேயே நடந்த சான்று.

செம்பனைக்காடு

சரி, என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். பிளேருக்குப் பதவி கிடைக்காதது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துக் கடிதத்தை எடைபோடலாம். வெளியேறிய சில நாட்களிலேயே லிங்கனுக்காக மேடை ஏறினார். அவர் தந்தையும் தம்பியும் அணி மாறவில்லை. அந்தக் குடும்பம் எல்லை மாநிலங்களில், குறிப்பாக மேரிலாந்திலும் மிசூரியிலும், எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. சேஸும்கூட அந்த இலையுதிர்காலத்தில் லிங்கனுக்காகப் பேசப் போனார். நவம்பர் 8 தேர்தலில் லிங்கன் வென்றார், தேர்வாளர் வாக்கு 212க்கு 21.

'தலை வெட்டப்பட்டது' என்று சொன்னவர், வெட்டியவருக்காக ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். கடிதம் வெறும் கைகழுவலாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரட்டுக்களம்

செம்பனைக்காடு ஐயா, நன்றி.

இழை ஆரம்பித்தவர் கேட்ட நடைமுறைக்கு வருகிறேன். நம் ஆலய நிர்வாகத்திலோ கூட்டுறவுக் கடையிலோ, நில வழக்கு மாதிரி ஒரு நெருக்கடி நடுவில் செயலாளரோ பொருளாளரோ விலகினால், ஏற்புக் கடிதத்தையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். லிங்கன் கடிதத்தில் சாவி, கோப்பு, கணக்குப் பேச்சு எதுவும் இல்லை. நன்றி சொல்லும் தாளில் 'ரசீதுப் புத்தகம் மூன்றைத் திருப்பித் தரவும்' என்று வந்தால் படிப்பவர் மனத்தில் அந்த வரி மட்டும்தான் நிற்கும், திருடன் என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஒப்படைப்புப் பட்டியல் தனி. கூட்டக் குறிப்பேடு, ரசீது அடிக்கட்டைகள், காசோலைப் புத்தகம், உண்டியல் சாவி, வழக்கறிஞரோடு நடந்த கடிதங்கள், அடுத்த விசாரணைத் தேதி. இரண்டு பிரதி எடுத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றக் கூட்டத் தீர்மானத்தின் நகல் கேட்பார்கள். ஆகவே ஏற்பும் புதியவர் நியமனமும் ஒரே கூட்டத்தில் முடியட்டும். இல்லையென்றால் வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் காசோலையில் கையெழுத்திட ஆள் இருக்காது.

புதியவரிடம் முன்பே பேசிவிடுங்கள். டாட் செய்ததுபோல் கூட்டத்தில் பெயர் சொன்ன பிறகு 'என்னால் முடியாது' என்று அவர் சொன்னால் விலகியவருக்கும் அவமானம், நிர்வாகத்துக்கும் அவமானம்.

கிராணி_ஏடு

ஒன்று சேர்க்கிறேன். ஏற்புக் கடிதத்தில் உண்மைக் காரணம் முழுவதையும் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. லிங்கன் ஃபிரெமான்ட் பெயரை எழுதவில்லை, 'நேரம் வந்துவிட்டது' என்றதோடு நிறுத்தினார். ஆனால் பொய்க் காரணமும் எழுதவில்லை. உடல்நலம், குடும்பச் சூழ்நிலை என்று ஒன்றைப் புனைந்திருந்தால் ஊர் அதை நம்பியிருக்காது. உண்மையான காரணத்தை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஊகித்திருப்பார்கள், பெரும்பாலும் மோசமாகவே.

சிப்புட்_வாசகன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வரிசையை மாற்றுகிறேன். முதலில் கேமரனுக்குப் போன இரண்டு கடிதங்கள், எது முதல் எது இரண்டாவது என்று சொல்லாமல். எதை வாங்கினால் மனம் உடையும், ஏன் என்று வந்தவர்கள் சொல்லட்டும். அடுத்து டேவிஸ் ராண்டால்ஃபுக்கு எழுதியது. பிளேர் கடிதம் கடைசியில், ஜூலையில் அவர் வீடு எரிந்ததைச் சொன்ன பிறகு.

தபால்பை அண்ணன், மணியார்டர் தேதியும் 30 டாலர் வரம்பும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வயதானவர்கள் சிலர் வருகிறார்கள், அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். செம்பனைக்காடு ஐயா, பிளேர் பக்கத்து வாதத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற கேள்வி இன்னும் முடியவில்லை, அதைக் கூட்டத்தில் முழுதாக வைக்க வேண்டும்.